மருந்து முடிந்த பின் நிற்கும் தடங்கள்

கடைசி மாதத்து அட்டையின் கடைசி மாத்திரையையும் விழுங்கி முடித்து, ஆரம்ப சுகாதார நிலையத்துப் பதிவேட்டில் தம் பெயருக்கு நேரே சிகிச்சை நிறைவுற்றது என்று எழுதப்படுவதைக் கண்ணாரக் கண்டு வீடு திரும்புகிற ஒருவர், அன்றிரவே கதவைச் சாத்திக்கொண்டு, விளக்கருகே நின்று சட்டையைக் கழற்றி, தோளிலும் முழங்கையிலும் இருந்த படைகள் என்னவாயின என்று பார்ப்பது மிகவும் இயல்பான காரியம். பார்த்த இடத்தில் படை இருக்கிறது. சற்று மங்கியிருக்கலாம், விளிம்பில் இருந்த தடிப்பும் சிவப்பும் தணிந்திருக்கலாம், ஆயினும் இருக்கிறது. 12 மாத காலம் ஒரு நாளும் தவறாமல் மருந்துண்டவருடைய மனத்தில் அந்த நிமிஷத்தில் எழுகிற திகிலை அவர் மனைவியிடம்கூட வாய்விட்டுச் சொல்லமாட்டார். மருந்து பலிக்கவில்லையோ, வைத்தியர் அவசரப்பட்டு நிறுத்திவிட்டாரோ, உள்ளே நோய் இன்னும் ஒளிந்திருக்கிறதோ என்று மறுகியபடியே பல மாதங்களைக் கழிப்பார். அல்லது அக்கம்பக்கத்தார் கூறும் எண்ணெயையும் களிம்பையும் இரகசியமாகப் பூசத் தொடங்குவார்.

இந்த அத்தியாயம் அவருக்காகவே எழுதப்படுகிறது. அவரிடம் நான் முதலில் கூற விரும்புவது இதுதான்: தொழுநோய்க்குரிய கூட்டு மருந்தை உரிய காலம் முழுதும் உண்டு முடித்தவருடைய தேகத்தில் படை தங்கியிருப்பது வழக்கமே, அது தனியே நின்றால் அச்சத்துக்கு இடமில்லை. அச்சப்பட வேண்டிய இடங்கள் வேறு சில உண்டு. அவை பெரும்பாலும் கண்ணுக்குத் தெரியாதவை, வலிக்காதவை. படையையே பார்த்துக்கொண்டிருக்கும் கண்ணை அவ்விடங்களின் பக்கம் திருப்புவதுதான் இங்கே என் நோக்கம்.

படை ஏன் உடனே மறைவதில்லை

நார்வே தேசத்து வைத்தியரான ஹான்சன் 1873ஆம் ஆண்டில் கண்டறிந்த அந்தக் கிருமி, மெழுகு போன்ற உறை ஒன்றைப் போர்த்துக்கொண்டு, சருமத்திலும் சருமத்தை அடுத்த நரம்புகளிலும் மிகவும் நிதானமாகப் பெருகுவது. நாம் உண்ணும் ரிஃபாம்பிசின் என்னும் மருந்து முதல் வேளையிலேயே உயிருள்ள கிருமிகளில் மிகப் பெரும்பகுதியைக் கொன்றுவிடுகிறது. பிறருக்கு நோயைத் தொற்றுவிக்கும் ஆற்றலும் சிகிச்சை தொடங்கிய சில நாட்களிலேயே போய்விடுகிறது. ஆனால் செத்த கிருமியை அப்புறப்படுத்தும் வேலை மருந்தினுடையதன்று; அதை நம் தேகந்தான் செய்ய வேண்டும். மெழுகுறை உடைய அந்தச் சடலங்களைச் சிறிது சிறிதாகக் கரைத்து வெளியேற்ற உடம்புக்கு ஆண்டுகள் பிடிக்கின்றன. காது மடலில் சிறு கீறல் இட்டுச் சோதிக்கும்போது கிருமியின் அளவைச் சுழியிலிருந்து 6 வரை படியிட்டுக் கூறுவது வைத்தியர் வழக்கம். அந்தப் படி ஆண்டுக்கு ஏறக்குறைய ஒன்றுதான் இறங்கும், சிலரிடம் அதனினும் மெதுவாக. ஆகையால் 4 என்ற நிலையில் சிகிச்சை தொடங்கிய ஒருவர், ஓராண்டு மருந்து முடிந்த அன்று சோதித்தால் இன்னும் கிருமி தென்படுவதில் வியப்பில்லை. தென்படுபவை செத்தவை. மருந்து இன்றியே அவை தாமாகக் குறைந்துகொண்டே போகும். ஆற்று வெள்ளம் வடிந்த மறுநாளே வயலில் படிந்த வண்டல் காய்ந்துவிடுவதில்லை. அதைப் பார்த்து இன்னும் வெள்ளம் வருகிறதென்று கரை கட்டப் புறப்படுகிற குடியானவரும் இல்லை.

ஐந்து அல்லது அதற்குக் குறைந்த படைகள் உடையவருக்கு 6 மாதமும், அதற்கு மேற்பட்டவருக்கும் கிருமிச் சோதனையில் கிருமி தென்பட்டவருக்கும் 12 மாதமும் என்று உலக சுகாதார நிறுவனம் வகுத்த கால அளவு இத்தகைய நீண்டகால அனுபவத்தின் பேரில் ஏற்பட்டது. படை முற்றும் மறையும் நாளைக் கணக்கிட்டு வகுத்ததன்று. உயிருள்ள கிருமி ஒழியும் காலம் ஒன்று, சருமம் பழைய நிறத்துக்குத் திரும்பும் காலம் மற்றொன்று; இரண்டையும் ஒன்றாகக் கருதுவதால்தான் இத்தனை மனக்கிலேசமும் உண்டாகிறது.

வீட்டிலுள்ள பெரியவர்கள், "இந்த நோய்க்கு ஆயுசு பூராவும் மாத்திரை சாப்பிட வேண்டும் என்பார்களே, ஒரு வருஷத்தில் எப்படி நிறுத்தினார்கள்?" என்று கேட்டால் அவர்கள் மீது குறைகாண்பதற்கில்லை. அவர்கள் கண்ட காலத்தில் அதுவே உண்மை. நீரடிமுத்து எண்ணெயை ஊசி மூலம் ஏற்றி, பலன் கண்டும் காணாமலும் ஜனங்கள் தவித்த நாட்கள் இருந்தன; 1940களில் சல்போன் மருந்துகள் வந்து அந்த இருளை விலக்கியபோது, டாப்சோன் மாத்திரை ஒன்றையே பத்தாண்டு, இருபதாண்டு, சிலர் சாகுமட்டும் உண்டார்கள். தனி மருந்துக்குக் கிருமி பழகிப்போய் எதிர்த்து நிற்கத் தொடங்கவே, ரிஃபாம்பிசின், டாப்சோன், குளோபாசிமின் என்னும் மூன்றையும் சேர்த்து அளிக்கும் முறையை 1981இல் உலக சுகாதார நிறுவனத்தின் நிபுணர் குழு வகுத்தது. காலவரையறை என்பது அன்று பிறந்த நற்செய்தி. பெரியவர்களிடம் இதைப் பொறுமையாக எடுத்துச் சொல்லிவிட்டால் வீட்டில் பாதிச் சந்தேகம் நீங்கும்.

எஞ்சி நிற்பவை

சிகிச்சைக்குப் பின் சருமத்தில் நிற்பவை எல்லாம் ஒரே தன்மையன அல்ல. வெளிறிய படை ஒன்றிரண்டே இருந்தவரிடம் முதலில் விளிம்புத் தடிப்பு அமுங்கும். பிறகு செம்மை போகும். நிறம் கடைசியில் வரும், சிலரிடம் முழுவதும் வராமலே நின்றுவிடும். ஆறு மாதத்தில் மறைந்தவரும் உண்டு. இரண்டு மூன்று ஆண்டுக்குப் பிறகும் மங்கலாகத் தெரிபவரும் உண்டு. அந்த இடத்தில் சுரணை திரும்புமா என்றால், நுண்ணிய நரம்பிழைகள் எந்த அளவுக்குச் சிதைந்தன என்பதைப் பொறுத்தது அது. பழைய படையில் மதமதப்பு நிரந்தரமாகத் தங்கிவிடுவது உண்டு. வியர்வையும் உரோமமும் இல்லாமல் அந்த இடம் மொழுமொழுவென்று வறண்டிருப்பதும் அவ்வாறே. முகமும் காது மடலும் தடித்திருந்தவருக்குத் தடிப்பு வற்றிய பின் தோல் சுருங்கித் தொங்கலாம். உதிர்ந்த புருவம் மீண்டும் முளைக்காமல் போகலாம். இவை யாவும் நடந்துபோன நோயின் சுவடுகளே. புருவம் முதலியவற்றை அறுவைச் சிகிச்சையால் சீர் செய்யும் வழிகள் உண்டு. விரும்புகிறவர் கேட்டுப் பெறலாம்.

மருந்தினாலேயே உண்டாகும் நிறமாற்றம் இதினின்றும் வேறானது. குளோபாசிமின் என்பது அடிப்படையில் ஒரு சாயப் பொருள். சருமத்தில் படிந்து செங்கல் நிறத்தையோ கருமை கலந்த பழுப்பு நிறத்தையோ தருவது அதன் குணம். படை இருந்த இடங்களில் அது கூடுதலாகப் படிவதால், வெளிறியிருந்த படை கறுத்த படையாக மாறிவிட்டதே என்று சிலர் கலங்குகிறார்கள். நிறம் கறுத்துப் போயிற்று என்பதற்காகவே மருந்தை நடுவில் நிறுத்தியவர்களும், கல்யாணத்துக்கு நிற்கும் பெண்ணுக்கு மாத்திரையை ஒளித்து வைத்துவிட்ட தாய்மார்களும் உண்டு. அவர்களுடைய வேதனையை அற்பமாக எண்ணலாகாது. ஆனால் மருந்து நின்ற பின் பெரும்பாலும் 6 மாதம் முதல் ஓராண்டுக்குள், சிலரிடம் சற்றுக் கூடுதலாக, இந்தக் கருமை தானே கழன்றுபோகும். தேய்த்துக் கழுவினாலும் வெளுக்கும் களிம்பு பூசினாலும் ஒரு நாள்கூட முன்னதாகப் போகாது. முழங்காலுக்குக் கீழே தோல் மீன் செதில் போல் வெடித்து வறளுவதும் இம்மருந்தின் விளைவுதான். அதற்கு நீரும் எண்ணெயும் போதும், முறை கீழே வருகிறது.

இனி, செய்யத்தகாதவை. படை நிற்கிறதே என்று கூட்டு மருந்தை வேறு எங்கேனும் வாங்கித் தொடர்ந்து உண்பதால் படை மறைவதில்லை. பக்க விளைவுகள்தாம் மிஞ்சும். சேராங்கொட்டைப் பாலைத் தடவுவதும், சூட்டுக்கோல் வைப்பதும், படையை மறைக்கப் பச்சை குத்துவதும் சில ஊர்களில் இன்னும் நடக்கின்றன. சுரணையுள்ள சருமத்தில் சேராங்கொட்டை பட்டால் எரிச்சல் பொறுக்காமல் உடனே கழுவிவிடுவோம். மதமதத்த படையில் பட்டாலோ எரிச்சல் தெரியாது, கொப்புளம் வெடித்துப் புண்ணாகிச் சீழ் வைத்த பிறகே தெரியும். மருந்துக் கடையில் பெயர் சொல்லி வாங்கும் ஸ்டீராய்டு களிம்புகள் தோலை மெலியச் செய்து, உண்மையான மாறுதல் ஏற்படும்போது அதை வைத்தியர் அறிய முடியாதபடி மறைத்தும் விடும். நிற்கிற எல்லாத் தேமலும் தொழுநோயின் மிச்சம் என்றும் கொள்ளவேண்டாம். நமைச்சலோடு வட்டமாகப் பரவுவது படர்தாமரையாக இருக்கலாம். மார்பிலும் முதுகிலும் தவிடு போல் உதிர்வது சாதாரணத் தேமலாக இருக்கலாம். பால்வெண்மையாக, சுரணை குன்றாமல் இருப்பது வெண்புள்ளியாக இருக்கலாம். அந்த வெண்புள்ளிக்கு வெண்குஷ்டம் என்று நம் முன்னோர் இட்ட பெயர் எத்தனையோ குடும்பங்களைக் காரணமின்றி வருத்தியிருக்கிறது. இரண்டுக்கும் எவ்வித உறவும் இல்லை.

தடமா, எதிர்வினையா, மறுவரவா

எஞ்சிய படையை வைத்துக்கொண்டு வாழ்கிறவர் தமக்குத் தாமே கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி, படை இருக்கிறதா என்பதன்று. படையில் ஏதேனும் மாறுகிறதா என்பதே. தடம் மாறுவதில்லை, மாறினாலும் மங்கும் திசையிலேயே மாறும். தட்டையாக, மங்கலாக, நாளுக்கு நாள் வேறுபாடின்றிக் கிடக்கிற படையைக் கிடக்க விடுங்கள்.

அவ்வாறு சாதுவாகக் கிடந்த படை ஒரு வாரத்துக்குள் திடீரென்று சிவந்து, வீங்கி, தொட்டால் சூடாக, பளபளவென்று எழும்பி நிற்குமானால், மருத்துவமனைகளில் ரியாக்‌ஷன் என்று யாவரும் சொல்லும் எதிர்வினை அது. செத்துக் கிடக்கும் கிருமியின் மீது தேகத்தின் எதிர்ப்புச் சக்தி விழித்தெழுந்து போர் தொடுப்பதால் நேர்வது. நோய் திரும்பிவிட்டதென்று இதைக் கண்டவர் எல்லாரும் நினைக்கிறார்கள். அயலாரும் அவ்வாறே சொல்லுகிறார்கள். சிகிச்சைக் காலத்திலும் அது முடிந்த முதல் சில மாதங்களிலும் இது மிகுதி. சில ஆண்டுகள் கழித்து வருவதும் உண்டு. கிருமி மிகுதியாக இருந்தவரிடம் இன்னொரு வகை எதிர்வினை காணப்படும்: படை இருந்த இடம் இல்லாத இடம் என்ற பேதமின்றி, முகத்திலும் கையிலும் காலிலும் பட்டாணி போல் சிவந்த முடிச்சுகள் கொத்துக் கொத்தாகக் கிளம்பும், தொட்டால் நோகும், காய்ச்சலும் மூட்டு வலியும், சில வேளை கண் சிவப்பும், விரை வீக்கமும் கூடவே வரும், சில நாளில் அமுங்கி, மறுபடி கிளம்பும்.

இரண்டிலும் ஆபத்து சருமத்தில் இல்லை, நரம்பில் இருக்கிறது. முழங்கையின் உட்புறம், முழங்காலின் வெளிப்பக்கம், உட்கணுக்காலின் பின்புறம், கழுத்தின் பக்கம் இவ்விடங்களில் ஓடும் நரம்புகள் வீங்கி நோவெடுத்தால், கை விரல் மடங்கிப்போவதும் பாதம் தொங்கிப்போவதும் சில நாள் சில வாரக் கணக்கில் நடந்துவிடக் கூடியவை. ஆகவே எதிர்வினை என்று சந்தேகம் எழுந்தால் அடுத்த சந்தை நாளுக்கு டவுனுக்குப் போகும்போது பார்த்துக்கொள்ளலாம் என்று இருக்காதீர்கள். மறுநாள் காலையிலேயே போங்கள். பிரெட்னிசோலோன் என்னும் ஸ்டீராய்டு மாத்திரையை வைத்தியர் தொடக்கத்தில் கூடுதல் அளவிலும் பின்னர் இரண்டு வாரத்துக்கு ஒரு முறை படிப்படியாகக் குறைத்தும் மூன்று மாதமோ ஐந்தாறு மாதமோ தருவார். வீக்கம் நாலு நாளில் வற்றிவிட்டதென்று நீங்களாக நிறுத்துவது மிகவும் தவறு. நீரிழிவு, இரத்த அழுத்தம், காசநோய், வயிற்றுப்புண் எதுவிருந்தாலும் முதலிலேயே சொல்லிவிட வேண்டும். முடிச்சு வகைக்குச் சில வேளை தாலிடோமைடு என்ற மருந்தும் தருவதுண்டு. கருவிலுள்ள சிசுவின் அங்கங்களைக் கடுமையாக ஊனப்படுத்தும் மருந்து அது என்பதால், கருத்தரிக்கக் கூடிய ஸ்திரீகள் விஷயத்தில் வைத்தியர் விதிக்கும் கட்டுப்பாடுகளை எள்ளளவும் மீறலாகாது. நரம்பின் சேதம் ஆறு மாதத்துக்கு உட்பட்டதாயின் இச்சிகிச்சையால் சுரணையும் பலமும் திரும்புவதற்கு நல்ல வாய்ப்பு உண்டு. ஆண்டுகள் ஆன சேதத்துக்கு அந்த வாய்ப்பு மிகவும் குறைவு.

மூன்றாவது, நோயின் மறுவரவு. முறையாகக் கூட்டு மருந்து முடித்தவர்களை ஒன்பது ஆண்டு வரை தொடர்ந்து பார்த்ததில் ஏறத்தாழ 100 பேரில் ஒருவருக்கே இது நேர்ந்ததாக உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு. எதிர்வினை திடீரென்று வரும். மறுவரவு ஓசையின்றி, மாதக் கணக்கில், பெரும்பாலும் மருந்து நிறுத்தி மூன்று ஆண்டு கடந்த பிறகு வரும். பழைய படை சிவப்பதைக் காட்டிலும், முன்பு இல்லாத இடத்தில் புதிய படை, அதுவும் வீக்கமும் நோவும் இல்லாமல் மெல்ல விரிவதே அதன் லட்சணம். எதிர்வினை ஸ்டீராய்டுக்கு விரைவில் பணியும், மறுவரவு பணியாது. காது மடல் சோதனையில் கிருமியின் படி இறங்கவேண்டியது ஏறியிருந்தால் ஐயம் தீர்ந்துவிடும். அப்போதும் மனம் தளர வேண்டியதில்லை. அதே கூட்டு மருந்து மீண்டும் ஒரு முறை கொடுக்கப்படும். பெரும்பாலும் அதுவே போதும்.

வலிக்காத கையும் காலும்

இந்த அத்தியாயத்தில் எதைக் கடந்து போனாலும் இப்பகுதியைக் கடந்து போகவேண்டாம் என்று வாசகர்களை மன்றாடிக் கேட்டுக்கொள்கிறேன்.

தோளில் நிற்கும் படையைக் கண்டு கலங்குகிறவர், தம் உள்ளங்காலை ஒரு மாதத்தில் ஒரு முறையேனும் திருப்பிப் பார்ப்பதில்லை. படை அவருக்கு எந்தக் கெடுதலும் செய்யப் போவதில்லை. உள்ளங்காலோ அவருடைய நடையையே பறித்துவிடக் கூடும். தொழுநோயில் விரல்கள் அழுகி உதிர்கின்றன என்று உலகம் நெடுங்காலம் நம்பிற்று. வேலூரில் 1940களின் பிற்பகுதி முதல் இந்நோயாளிகளின் கைகளுக்கு அறுவைச் சிகிச்சை செய்துவந்த டாக்டர் பால் பிராண்டு, விரல்கள் தாமாக அழுகுவதில்லை, வலி தெரியாததால் சுட்டும் வெட்டியும் நசுக்கியுமே அழிகின்றன என்று ஒவ்வொரு காயத்துக்கும் காரணம் தேடிக் கண்டு நிறுவினார். இரவில் படுக்கும்போது முழுதாக இருந்த விரல் காலையில் குறைந்திருந்த ஒரு மர்மத்தை அங்கிருந்தவர்கள் விழித்திருந்து ஆராய்ந்தபோது, உறங்குகிறவரின் சுரணையற்ற விரலை எலி கடித்துத் தின்பது தெரியவந்தது. அதன் பின் அங்கிருந்து ஊருக்குத் திரும்பும் ஒவ்வொருவரிடமும் ஒரு பூனையைக் கொடுத்தனுப்பினார்கள். கேட்கவே நடுக்கம் தரும் இந்தச் செய்தியை நான் இங்கே கூறுவதற்குக் காரணம், வலி என்னும் காவலாளி போய்விட்ட வீட்டில் கண்தான் காவலிருக்க வேண்டும் என்பது இதைவிடத் தெளிவாக வேறு எதனாலும் விளங்காது என்பதே.

மாலையில் வேலை முடிந்து வந்ததும், வாயகன்ற வாளியில் வெறும் தண்ணீரை விட்டுக் கைகளையும் கால்களையும் இருபது நிமிஷம் ஊறவிடுங்கள். வெந்நீர் வேண்டா, சூட்டின் அளவு உங்கள் காலுக்குத் தெரியாது. ஊறிய பின் குதிகாலிலும் விரலடியிலும் தடித்த தோலைச் சொரசொரப்பான கல்லில் மெதுவாகத் தேய்த்துக் கரையுங்கள். கத்தியோ பிளேடோ கொண்டு சீவலாகாது. பிறகு தண்ணீரைத் துடைக்காமல், ஈரம் இருக்கும்போதே தேங்காய் எண்ணெயோ நல்லெண்ணெயோ தடவுங்கள். ஊறிய ஈரத்தை உள்ளேயே நிறுத்தி வைப்பதுதான் எண்ணெயின் வேலை. வறண்ட தோலில் வெறும் எண்ணெயைத் தேய்ப்பதால் அதிகப் பயன் இல்லை. வியர்வை சுரக்காத தோல் வெடிக்கும். வெடிப்பில் மண்ணும் கிருமியும் புகும். பாதப் புண் அங்கேதான் ஆரம்பிக்கும்.

எண்ணெய் தடவும் கையோடு, விளக்கருகே உட்கார்ந்து இரு பாதங்களையும் பாருங்கள். குனிய முடியாதவர் கண்ணாடியைத் தரையில் வைத்துப் பார்க்கலாம்; வீட்டுப் பிள்ளைகளைப் பார்க்கச் சொல்லலாம். புறங்கையை வைத்து, ஒரு பாதத்தின் ஓரிடம் மற்றப் பாதத்தின் அதே இடத்தைவிடச் சூடாக இருக்கிறதா என்று அறியுங்கள். சூடும் சிவப்பும் இருந்தால், மேலே காயம் இல்லாவிட்டாலும் உள்ளே சதை நசுங்கியிருக்கிறது என்று பொருள். இரண்டொரு நாள் அந்தக் காலை ஊன்றாமல் ஓய்வு கொடுத்தால் புண்ணாகாமலே ஆறிவிடும். புண் ஆகிவிட்டால் சோப்பும் தண்ணீரும் கொண்டு கழுவிச் சுத்தமான துணியால் கட்டி, அதன் மேல் நடக்காதிருங்கள். ஓய்வே இதற்கு முதல் மருந்து. களிம்பை மாற்றி மாற்றிப் பூசிக்கொண்டு அதே காலில் தினமும் இரண்டு மைல் நடப்பவருடைய புண் வருஷக் கணக்கில் ஆறுவதில்லை. வலிக்கவில்லையே என்றுதான் நடக்கிறார், பாவம். துர்நாற்றம், சீழ், கால் வீக்கம், காய்ச்சல் இவற்றில் எது கண்டாலும் அன்றே மருத்துவமனைக்குப் போகவேண்டும். இந்தப் புண்ணிலிருந்து தொழுநோய் யாருக்கும் ஒட்டுவதில்லை என்பதையும் கட்டுப் போடும் வீட்டாருக்குச் சொல்லிவிடுங்கள்.

எம்.சி.ஆர். செருப்பு என்று வழங்கும் மெத்தென்ற ரப்பர் செருப்பு அரசு மருத்துவமனைகளிலும் தொழுநோய் நிலையங்களிலும் கிடைக்கிறது. உள்ளே மிருதுவாகவும், முள் தைக்காதபடி அடிப்பாகம் கெட்டியாகவும், குதிகாலைச் சுற்றி வாருடனும் இருப்பது அதன் இலக்கணம். ஆணி அடித்த செருப்பு உதவாது. வீட்டுக்குள்ளும் அதைப் போட்டுக்கொள்ளுங்கள். அணியுமுன் கவிழ்த்துத் தட்டி, உள்ளே கல்லோ முள்ளோ இருக்கிறதா என்று விரலால் தடவாமல் கண்ணால் பாருங்கள். கையில் சுரணை குன்றியவருக்கு நம் வீட்டு எவர்சில்வர் டம்ளரே பெரிய சத்துரு. காப்பியின் சூட்டை அது அப்படியே விரலுக்கு ஏற்றிவிடும். பீங்கான் கோப்பையோ, துணி சுற்றிய டம்ளரோ வைத்துக்கொள்ளலாம். அடுப்பிலிருந்து பாத்திரம் இறக்கத் தடித்த பிடிதுணி, மண்வெட்டிக்கும் அரிவாளுக்கும் துணியோ ரப்பரோ சுற்றிய பிடி, பீடி பிடிக்கும் பழக்கம் உடையவர் அதை விட்டுவிடுவது என்று ஒவ்வொரு வேலையையும் எண்ணிப் பார்த்து வழி செய்துகொள்ள வேண்டும். சமையல் செய்யும் பெண்களுக்கு இதில் மற்றவர்களுடைய உதவி அவசியம்; கஞ்சி வடிப்பதை வீட்டில் வேறொருவர் ஏற்றுக்கொண்டால் நல்லது.

மாதம் ஒரு முறை இன்னொரு சிறு சோதனையும் செய்யலாம். கண்ணை மூடிக்கொண்டு உட்காருங்கள். வீட்டிலொருவர் பந்துமுனைப் பேனாவின் நுனியால், தோல் சற்றே குழியும் அளவுக்குமட்டும், உள்ளங்கையிலும் உள்ளங்காலிலும் சில இடங்களைத் தொடட்டும். தொட்ட இடத்தை நீங்கள் விரலால் காட்டவேண்டும். சுண்டு விரலுக்கும் அதற்கடுத்த விரலுக்கும் நடுவே ஒரு காகிதத்தைப் பற்றிக்கொண்டு, மற்றவர் இழுக்கும்போது நிறுத்த முடிகிறதா என்று பாருங்கள். குதிகாலை ஊன்றி முன்பாதத்தை உயர்த்திப் பாருங்கள். கண்ணை இறுக மூடினால் இமைகள் முழுதும் பொருந்துகின்றனவா என்று அவர் பார்த்துச் சொல்லட்டும். நரம்பு நலிவது எப்போதும் வலியோடு வருவதில்லை. சத்தமே இல்லாமல் நலிவதும் உண்டு. சென்ற மாதம் முடிந்தது இந்த மாதம் முடியவில்லை என்றால் படையைப் பற்றிய கவலையை எல்லாம் ஒதுக்கி வைத்துவிட்டு வைத்தியரிடம் செல்லுங்கள். கண் மூடாதவர் பகலில் கண்ணாடி அணிந்து, அடிக்கடி நினைவாக இமைத்து, இரவில் சுத்தமான துணியால் கண்ணை மூடிப் படுக்கவேண்டும்; கண் சிவந்தாலோ பார்வை மங்கினாலோ ஒரு நாளும் தாமதிக்கலாகாது.

வீட்டிலும் வெளியிலும்

தனித் தட்டு, தனிப் பாய், தனி மூலை என்பவற்றுக்கு இனி இடமே இல்லை. மருந்து முடித்தவர் குழந்தையைத் தூக்கலாம், சமைத்துப் பரிமாறலாம், மணம் செய்துகொள்ளலாம். நிற்கும் படையைக் காட்டி யாரேனும் மறுத்தால், அந்த மறுப்புக்கு வைத்திய சாஸ்திரத்திலோ சட்டத்திலோ ஆதாரம் கிடையாது. நோயாளிகளை அடைத்து வைக்க இடம் தந்த 1898ஆம் வருஷத்துச் சட்டம் 2016இல் நீக்கப்பட்டது. தொழுநோயைக் காரணம் காட்டி மணமுறிவு கோரும் பிரிவுகளை நாடாளுமன்றம் 2019இல் சட்டங்களிலிருந்து எடுத்துவிட்டது. குணமானபின் ஊனம் தங்கியவர்களுக்கு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் இடம் உண்டு. இளம் பருவத்திலேயே இந்நோய்க்கு ஆட்பட்ட டி. என். ஜகதீசன், மகாகனம் சீனிவாச சாஸ்திரியாரின் கடிதங்களைத் தொகுத்துப் பதிப்பித்தும், இந்திய தேசம் முழுவதற்குமான தொழுநோய்ப் பணியில் தம் ஆயுளைச் செலவிட்டும் வாழ்ந்தவர். நம் ஊர்களில் படையோடு ஒளிந்து வாழும் இளைஞர்களுக்கு அவர் பெயரை யாராவது சொல்லவேண்டும் என்று எனக்கு வெகுநாளாக ஆசை. உடன் வாழ்ந்த குடும்பத்தாரை ஒரு முறை சுகாதாரப் பணியாளரிடம் காட்டிச் சோதித்துக்கொள்வது நல்லது. நோயில்லை என்று தெரிந்தால், அது வராமல் காக்க அவர்களுக்கு ரிஃபாம்பிசின் ஒரே ஒரு வேளை தரும் ஏற்பாடும் இப்போது உள்ளது.

சிகிச்சை முடிந்தவரை, படை குறைவாக இருந்திருந்தால் இரண்டு ஆண்டும், மிகுதியாக இருந்திருந்தால் ஐந்து ஆண்டும், ஆண்டுக்கு ஒரு முறை பார்ப்பது நெடுநாளைய வழக்கம். அழைப்பு வரும் என்று காத்திராமல் நீங்களாகவே போங்கள். சிகிச்சை அட்டையில் படைகளைப் படம் போட்டுக் குறித்திருப்பார்கள். எது பழையது, எது புதியது என்று ஐந்து ஆண்டு கழித்து உங்களை முன்பின் பார்த்திராத வைத்தியருக்கும் சொல்லக்கூடியது அந்தப் படம்தான். யாரும் பார்த்துவிடக் கூடாதென்று அட்டையைக் கிழித்து எறிந்தவர்கள் பலர். அதைக் குடும்ப அட்டையும் பிள்ளைகளின் பள்ளிச் சான்றிதழும் இருக்கும் அதே பெட்டியில் பத்திரப்படுத்தி, வைத்தியரிடம் போகும் ஒவ்வொரு முறையும் மறவாமல் எடுத்துச் செல்லுங்கள்.